பாஸ்புக்கில் பணம் இல்லை

ஒரு சின்னப் பரிசோதனை. செலவில்லாதது. உங்கள் மொபைல் போனில் ஏரோப்ளேன் படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதை அமுக்குங்கள். (விமானத்தில் போகாதவர்களும் அமுக்கலாம். டிக்கெட் கேட்க மாட்டார்கள்.) சிக்னல் போய்விட்டதா? இப்போது மெயிலைத் திறந்து பாருங்கள். நேற்று வந்த கடிதம், போன வாரம் மேனேஜர் அனுப்பிய மெமோ, 'லோன் வாங்கிக்கொள்ளுங்கள், ப்ளீஸ்' என்று காலில் விழும் கடிதம் எல்லாம் அப்படியே இருக்கும்.

'ஆகவே மெயில் போனுக்குள்தான் இருக்கிறது' என்று முடிவு கட்டினால் உங்களுக்குப் பாதி மார்க்.

அடுத்து, ஐந்து வருஷத்துக்கு முந்தைய கடிதம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். வராது. நெட் இல்லை என்று கையை விரித்துவிடும். மீதி மார்க் அங்கேதான் இருக்கிறது. சரி, பட்டனை அணைத்துவிடுங்கள். மேனேஜர் தேடப்போகிறார்.

நான் பி.காம். படித்தவன். உலகத்தில் எந்த விஷயமும் எனக்குப் பேரேட்டின் வழியாகத்தான் புரியும். உங்கள் பாங்க் பாஸ்புக்கில் ரூபாய் 12,450 என்று அச்சாகியிருக்கிறது. அதற்காகப் பாஸ்புக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் பணம் கொட்டுமா? பணம் பாங்கின் லெட்ஜரில் இருக்கிறது. பாஸ்புக் அதன் நகல். பாஸ்புக் தொலைந்தால் பணம் தொலைவதில்லை. பாஸ்புக் பீரோவில் இருக்கிறது என்பதாலேயே பணம் பத்திரம் என்றும் அர்த்தமில்லை.

மொபைலில் நீங்கள் பார்க்கும் மெயில் இந்தப் பாஸ்புக். லெட்ஜர் இருப்பது மெயில் கம்பெனியின் சர்வரில். அதுவும் ஒரே ஊரில் இல்லை. ஓர் இடத்தில் தீப்பிடித்தால் இன்னோர் இடத்தில் இருக்கட்டும் என்று நகலுக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான் விஷயம். மொபைலில் மெயில் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் 'லெட்ஜர் அங்கே, பாஸ்புக் இங்கே' என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம். ஆனால் இது புரியாமல் ஒரு பையன் வேலையைத் தொலைக்க இருந்தான். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

* * *

1971-ல் ரே டாம்லின்சன் என்கிற அமெரிக்க இன்ஜினீயர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு முதல் கடிதம் அனுப்பினார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதினோம் என்பதே மறந்துவிட்டது என்று பிற்பாடு அவரே சொன்னார். நம் ஆபீஸ் சர்க்குலர்களின் தரம் அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது.

ஆரம்ப காலத்தில் பாப் என்றொரு முறை வந்தது. போஸ்ட் ஆபீஸ் ப்ரோட்டோகால் என்பதன் சுருக்கம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. நீங்கள் போஸ்ட் ஆபீஸுக்குப் போகிறீர்கள், 'எனக்கு ஏதாவது வந்திருக்கா சார்?' என்கிறீர்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். போஸ்ட் ஆபீஸில் அதற்குப் பிறகு ஒன்றும் மிச்சமிருக்காது. அந்த நாளில் மெயில் நிஜமாகவே உங்கள் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. பாங்கிலிருந்து மொத்தப் பணத்தையும் எடுத்துத் தலையணைக்கடியில் வைப்பது மாதிரி. ஹார்ட் டிஸ்க் போனால் காதல் கடிதத்திலிருந்து கடன் கடிதம் வரை எல்லாம் போச்சு.

1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் என்பவர் இதை மாற்றினார். கடிதம் சர்வரிலேயே இருக்கட்டும், எங்கிருந்து வேண்டுமானாலும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்கிற ஏற்பாடு. ஐமேப் என்று பெயர். லெட்ஜர் பிறந்தது.

அதைப் பாமரனின் கைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஆபீஸ் நேரத்தில் தங்கள் சொந்த பிசினஸ் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்ள ஆசை. ஆனால் பாஸ் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ப்ரௌஸர் வழியாகவே மெயிலைப் பார்க்க முடிந்தால்? 1996 ஜூலை 4-ம் தேதி ஹாட்மெயில் பிறந்தது. மறு வருஷக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. சும்மா சில கோடி இல்லை. ஏறக்குறைய 40 கோடி டாலர். பாஸுக்குத் தெரியாமல் செய்கிற காரியம் எல்லாமே வீணாகப் போவதில்லை.

ஹாட்மெயிலில் ஆளுக்கு 2 எம்.பி. இடம் கொடுத்தார்கள். இன்றைக்கு ஒரு 'குட்மார்னிங்' ரோஜாப்பூ படத்துக்கே பற்றாது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி ஜிமெயில் வந்து 1 ஜி.பி. தருகிறோம் என்றபோது பலர் ஏப்ரல் ஃபூல் என்று நினைத்துச் சிரித்தார்கள். இப்போது இலவசக் கணக்குக்குப் பொதுவாக 15 ஜி.பி. கடிதம், போட்டோ, டிரைவில் போடும் ஃபைல் எல்லாம் சேர்த்து. கூட்டுக்குடும்பத்தில் பாத்ரூம் மாதிரி. கல்யாண வீடியோ உள்ளே போனால் கடிதம் வெளியே நிற்க வேண்டியதுதான். இடம் முழுக்க நிரம்பிவிட்டால் புது மெயில் வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

* * *

சரி, மொபைலுக்கு வருவோம். லெட்ஜரைப் பார்க்க இரண்டு வழி.

முதல் வழி, ப்ரௌஸர். பாங்குக்கே நேரில் போய்க் கண்ணாடி வழியாக லெட்ஜரைப் பார்ப்பது. நெட் இல்லையென்றால் பாங்க் லீவு.

இரண்டாவது வழி, ஆப். இது உங்களுக்காக ஒரு பாஸ்புக் எழுதிப் போனில் வைத்திருக்கும். முழுக்க அல்ல. ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் எத்தனை நாள் கடிதத்தைப் போனில் வைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். சாதாரணமாக 30 நாள். ஏரோப்ளேன் பட்டனை அமுக்கியபோது போன வாரக் கடிதம் வந்ததும், ஐந்து வருஷத்துக் கடிதம் வராததும் இதனால்தான்.

மணி எப்படி அடிக்கிறது? நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் போய் 'வந்திருக்கா, வந்திருக்கா' என்று நச்சரித்தால் பாட்டரி மத்தியானத்துக்குள் செத்துவிடும். அதனால் எல்லா ஆப்புகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு லைனைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அது கூகுள் சர்வருக்கு, ஐபோனில் ஆப்பிள் சர்வருக்கு. கடிதம் வந்ததும் அந்த லைனில் 'டிங்' என்று மட்டும் ஒரு செய்தி வரும். அதற்குப் பிறகு ஆப் எழுந்து கடிதத்தை எடுத்து வரும். பாட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பைத் தூங்க வைத்திருந்தால் மணி தாமதமாக அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. கடிதம் என்னவோ லெட்ஜரில் உட்கார்ந்திருக்கும். 'மெயிலே வரலை சார்' என்று மேனேஜரிடம் சொல்வதற்கு முன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். அவரும் இந்தப் பத்திரிகை படிப்பவராக இருக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் போனில் ஒரு கடிதத்தைப் படித்தால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அது படித்ததாகக் காட்டும். அழித்தால் அங்கேயும் மறைந்துவிடும். காரணம், ஆப் உங்கள் உத்தரவை எடுத்துப்போய் லெட்ஜரில் பதிகிறது. பாஸ்புக்கில் எழுதினால் பாங்க் லெட்ஜர் மாறுமா என்று கேட்காதீர்கள். என் உதாரணம் இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டும். இது லெட்ஜரைத் திருத்துகிற அதிகாரம் உள்ள பாஸ்புக்.

அந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கதை.

* * *

திருவல்லிக்கேணி மேன்ஷனில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். திருநெல்வேலிச் சீமை. ஒரு சின்ன ஆடிட் ஆபீஸில் சொற்பச் சம்பளம். நாலைந்து இன்டர்வியூ முடித்துவிட்டு ஒரு நல்ல கம்பெனியின் பதிலுக்காகக் காத்திருந்தான். இந்தச் சமயம் பார்த்து டவுன் பஸ்ஸில் போன் போய்விட்டது. மறுநாளே அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, கடனில் ஒரு போனும் வாங்கிவிட்டான். கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். 'உங்களுக்கு மெயில் அனுப்பி ஒரு வாரமாகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதிலேயே சம்மதம் தெரிவிக்கணும். விண்ணப்பத்தில் கொடுத்த மெயில் ஐடியிலிருந்துதான் வரணும்.' அன்று புதன்.

"அண்ணே, மெயில் போச்சு" என்று வந்து நின்றான்.

"மெயில் எங்கேயும் போகலை தம்பி. போனது பாஸ்புக்தான். பாஸ்வேர்டு சொல்லு."

"அது போன்லதாண்ணே இருந்துச்சு. நான் ஒருநாளும் அடிச்சதே இல்ல."

சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியாகிவிட்டது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்ற இடத்தை அமுக்கினோம். 'உங்கள் மொபைலுக்கு ஓடிபி அனுப்பலாமா?' என்றது. கடைசி இரண்டு எண்ணைக் காட்டியது. பையன் முகம் வெளுத்தது. காலேஜில் சேர்ந்தபோது வாங்கின நம்பர். ரீசார்ஜ் ஆஃபருக்காக எப்போதோ கைவிட்ட சிம்.

அந்த நம்பருக்கே போன் போட்டுப் பார்த்தான். ஓர் அம்மாள் எடுத்தார். பையன் பவ்யமாக விளக்கினான். "அக்கா, அது முன்னாடி என் நம்பர். உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், அத மட்டும் சொல்ல முடியுமாக்கா?"

"ஓடிபி கேக்கிறவன் எல்லாம் திருடன்னு எனக்குத் தெரியும்பா. வைடா போனை!"

அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. நாட்டில் எல்லாரும் அப்படி இருந்தால் பாதி சைபர் கிரைம் ஸ்டேஷன்களை மூடிவிடலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் பையன் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, போன தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்தேன். அதுல ஐடி கேட்டுச்சு. அவசரத்துல எம் மெயிலையே போட்டுட்டேன். அதுல எதும் செய்ய முடியுமாண்ணே?"

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் தூக்கம் மிச்சம். மறுபடி முயன்றோம். இந்தத் தடவை, உள்ளே வருவது நீங்கள்தானா என்ற கேள்வி ஊரில் அப்பாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏல, போன்ல 'நீதானா'ன்னு கேக்கு. என்னையப் பாத்து எதுக்குலே இப்படிக் கேக்கான்?"

"ஆமான்னு அமுக்குங்கப்பா."

அப்பா யோசித்தார். அமுக்கினார். புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கதவு திறந்தது. உள்ளே பார்த்தால் இன்பாக்ஸ் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்ட வாசல் மாதிரி சுத்தம். ஒரு கடிதம் கிடையாது.

"தெனம் அம்பது அறுவது வருதுல. எல்லாம் இங்கிலீஷ்ல. காலைல எந்திச்சதும் ஒண்ணு விடாம அழிச்சிட்டுத்தான் பல்லே வெளக்குவேன்" என்றார் அப்பா பெருமையாக.

பையன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அழித்த கடிதம் உடனே சாவதில்லை. குப்பைத்தொட்டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஜிமெயிலில் 30 நாள் அங்கே கிடக்கும். வேலைக் கடிதம், உர விளம்பரத்துக்கும் பாலிசி விளம்பரத்துக்கும் நடுவில் படுத்திருந்தது. மீட்டு எடுத்து, இரவு ஒன்பதரைக்குச் சம்மதக் கடிதம் போயிற்று. முதல் சம்பளத்தில் ரத்னா கஃபேயில் எனக்குச் சாம்பார் இட்லி. அப்பாவுக்கு அவர் பெயரிலேயே ஒரு மெயில் ஐடி.

* * *

கணக்குப் பார்ப்போம். போன் தொலைந்ததால் அவன் ஒரு கடிதத்தைக்கூட இழக்கவில்லை. அவன் இழக்க இருந்தது லெட்ஜருக்குள் நுழைகிற உரிமையை. அதைத் தடுத்தது பழைய நம்பர். அந்த அம்மாள் நல்லவர், போனை வைத்துவிட்டார். அந்த நம்பர் ஒரு தில்லாலங்கடி கையில் கிடைத்து, அவன் மெயில் ஐடியும் தெரிந்திருந்தால், வெளியே நின்றிருக்க வேண்டியவன் உள்ளே, உள்ளே இருக்க வேண்டியவன் வெளியே.

கைவிட்ட நம்பர் சும்மா கிடக்காது. துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாளைக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று டிராய் அமைப்பு 2023-ல் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. அதாவது மூன்று மாசத்துக்குப் பிறகு அது யாருடைய நம்பராகவும் ஆகலாம்.

யோசித்துப் பாருங்கள். பி.எஃப்., பாங்க், டிமேட், இன்கம்டாக்ஸ், ரயில் டிக்கெட், ஏன், வரன் பார்க்கிற தளத்தில் போட்ட போட்டோ வரை எல்லாவற்றிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று அமுக்கினால் பெரும்பாலும் பதில் எங்கே வருகிறது? இந்த ஒரே மெயிலுக்கு. வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறோம். ஆணி உறுதியாக இருக்கிறதா என்று யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை.

* * *

கேட்கக் கூச்சப்படுகிற சில கேள்விகள்.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் மெயில் போய்விடுமா? போகாது. பாஸ்புக்கைக் கிழித்தீர்கள், அவ்வளவுதான். வெளியே போகாமல் அவுட்பாக்ஸில் மாட்டிக்கொண்ட கடிதம் ஏதாவது இருந்தால் மட்டும் அது போய்விடும்.

அனுப்பிய மெயிலை 'அன்டூ' செய்தால் எதிராளியிடமிருந்து பறித்துக்கொண்டு வருமா? வராது. போய்ச் சேர்ந்த கடிதத்தை ஆண்டவனாலும் திருப்ப முடியாது. சில விநாடிகள் அனுப்பாமலே கையில் வைத்திருந்துவிட்டு அனுப்பியதாகப் பாவலா காட்டுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து இந்த அவகாசத்தை 30 விநாடி வரை நீட்டிக்கொள்ளலாம். ராஜினாமாக் கடிதம் எழுதுகிற சுபாவம் உள்ளவர்கள் 30 வைத்துக்கொள்வது நலம்.

ஜெராக்ஸ் கடையில் மெயிலைத் திறந்து பிரின்ட் எடுத்துவிட்டு, லாக்-அவுட் செய்யாமல் பஸ் ஏறிவிட்டால்? போனிலிருந்தே அந்தக் கடைக் கம்ப்யூட்டரை வெளியேற்றலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். இப்போதே போய்ப் பாருங்கள். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், விற்றுத் தீர்த்த போன், மச்சான் டேப்லெட் எல்லாம் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் படியிறக்குங்கள்.

ரொம்ப நாளாகத் திறக்காத பழைய கணக்கு அப்படியே இருக்குமா? இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத சொந்தக் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்க ஆரம்பித்துவிட்டது. பழைய காதல் கடிதங்கள் அதில் இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை போய்க் கும்பிட்டுவிட்டு வரவும்.

* * *

கடைசியாக மூன்று காரியம். மொத்தம் பத்து நிமிஷம் ஆகும். ஒன்று, மெயில் கணக்கில் போட்டிருக்கும் மீட்பு நம்பர் இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் நம்பர்தானா என்று பாருங்கள். இரண்டு, பாஸ்வேர்டை ஒரு தடவையாவது பார்க்காமல் அடித்துப் பாருங்கள். உங்களுக்கே தெரியாத பாஸ்வேர்டு பாஸ்வேர்டு அல்ல. மூன்று, இரட்டைப் பூட்டு போடுங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்பார்கள். போட்டால், போன் கையில் இல்லாத நாளுக்காக எட்டு இலக்கத்தில் பத்து ரகசிய எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும்.

அந்தப் பத்தையும் போனில் போட்டோ எடுத்து வைக்காதீர்கள். அது மறுபடி சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற வேலை. ஒரு காகிதத்தில் எழுதி, அம்மாவின் பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவைக்கடியில் வையுங்கள். தமிழ்நாட்டில் அதைவிடப் பத்திரமான சர்வர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.